எமது தந்தையாரின் கணக்குப் புத்தகம்

(சங்க ஆண்டு விழாவில், புறக்கோட்டையில் நிகழ்த்திய பேச்சு)



வரைகலை பயிலும் மாணவர்களைப் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறார்கள். பெரியோர் சிலருக்கு இச்சொல் புதிதாயிருக்கலாம். கடைப் பெயர்ப்பலகை, புத்தக அட்டை, கலியாணக் கடுதாசி ஆகியவற்றில் எழுத்தும் படமும் எங்கே, எப்படி நிற்கவேண்டுமென்று தீர்மானிக்கும் தொழிலே அது. இங்கிருந்து வெளியேறிக் குறுக்குத் தெருக்களில் நடந்தால் அத்தொழிலை மூன்று மொழிகளிலும் காண்பீர்கள்.

இம்மாணவர்களுக்கு ஆசிரியர்கள் ஒரு வேலை கொடுப்பதுண்டு. "நீ யார், உன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதை உன் வேலையிலே காட்டு" என்பதே அது. உடனே தாமரையையும் கோபுரத்தையும் வரைந்து கொடுத்துவிடுவோர் பலர். அதில் பிழையில்லை; ஆயினும் அது எல்லோருடைய கோபுரமும் அல்லவா? வரைந்த பிள்ளை யாரென்று அதிலிருந்து எப்படித் தெரியும்?

எமது தம்பியின் மகளுக்கும் இவ்வேலை வந்தது. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். ஒருநாள் எம்மிடம் வந்து, "பெரியப்பா, அப்பப்பா பெட்டாவிலே கடை வைத்திருந்தவரெல்லே? அவருடைய கையெழுத்தில் ஏதும் கிடக்கிறதோ?" என்று கேட்டாள். எமக்கு நா எழவில்லை.

1983 ஆடிக் கலவரத்திலே கடை எரிந்தது. அதிலிருந்த யாவும் போயின. எமது தந்தையார் வீட்டிலே வைத்திருந்த நான்கு பழைய கணக்குப் புத்தகங்கள் மட்டும் தப்பின. அவற்றையும், பின்னர் வீடு மாறியபோது, பழைய கடுதாசி வாங்குபவனிடம் நிறுத்துக் கொடுத்தவர்கள் நாமே. நெருப்புக்குத் தப்பியதைத் தராசிலே போட்டோம். எவ்வளவு கிடைத்ததென்று கேளாதீர்கள்.

ஆயினும் அவள் விடவில்லை. சாமியறை அலுமாரியின் தட்டிலே விரித்திருந்த ஒரேயொரு தாளைக் கண்டெடுத்தாள். தலைப்பிலே பிள்ளையார் சுழி. கீழே அவள் அறியாத குறிகள்: ௳, ௴, ௵, ௶, ௷, ௹. "இவை என்ன படங்கள்?" என்றாள். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, ரூபாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். ஒரு குறியை மட்டும் எம்மாலும் வாசிக்க முடியவில்லை. அயலிலிருந்த முதியவர் ஒருவரே அது 'மேற்படி', ௸, என்று காட்டினார். பலசரக்குக் கணக்கிலே திரும்பத் திரும்ப எழுதவேண்டியதை ஒரே சுழிப்பில் முடித்துவிடும் குறி அது. எழுத்தைச் சுருக்கி, இடத்தை மிச்சம் பிடித்து, பார்த்தவுடன் விளங்கச் செய்வது வரைகலையன்றி வேறென்ன?

இக்குறிகள் செத்துப்போனவை என்று எண்ணவேண்டாம். கணினி எழுத்துக்களுக்கான உலகப் பட்டியலாகிய யூனிகோட்டிலே இவை 2003இல் சேர்ந்தன. முந்திரி முதலிய பின்னக் குறிகளும் 2019இல் இடம்பெற்றன. கணினியில் இடமுண்டு, வாசிக்கும் ஆட்கள்தாம் குறைந்துபோயினர்.

அவள் ஒவ்வொரு குறியையும் உள்ளங்கை அளவுக்குப் பெருப்பித்து வரைந்தாள். எமது தந்தையாரின் ரூபாய்க் குறி வலப்பக்கம் சற்றே சாய்ந்திருப்பதை அவள் காட்டித்தான் நாம் கண்டோம். பின்னர் கணக்குப் புத்தகம் போலவே நீளமாக ஒன்றைக் கட்டினாள். முதலில் அந்த ஒற்றைத் தாள். மற்றவை யாவும் வெறுந் தாள்கள். "ஏன் பிள்ளை, மிச்சம் வெறுமையாயிருக்கிறது?" என்றோம். "அது நீங்கள் நிறுத்துக் கொடுத்த தாள்கள், பெரியப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாம் பதில் சொல்லவுமில்லை.

இல்லாததையும் வேலைக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு எமது நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கலைவரலாறு கற்பித்துவரும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தோரிடம், இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். கிணறு எங்கே, அடுப்படி எங்கே என்று அவர்கள் வரைந்ததைக் கட்டடக்கலைஞர் முறைப்படி மீள வரைந்தார். ஓவியர் தம் சித்திரத்தையும் சேர்த்தார். 2011இல் நூலாக வந்த அதன் ஆங்கிலப் பெயருக்கு 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளைப் பதிந்த ஏடு தோம்பு. அரசாங்கத்தின் ஏட்டிலே அளவு இருக்கும், அடுப்படி இராது.

வெளிநாட்டிலும் இக்கவலை உண்டு. சிம்பாப்வேயைச் சேர்ந்த சாக்கி மாபுண்டிக்வா நியூயோர்க்கிலே தொழில் பார்த்துவிட்டு, ஹராரேக்குத் திரும்பி வரைகலைப் பள்ளி தொடங்கினார். ஆபிரிக்க எழுத்து முறைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 2004இல் வெளிவந்தது. தம் வீட்டுச் சுவரிலும் துணியிலும் உள்ளதைப் பாராமல் பிறநாட்டுப் பத்திரிகையைப் பார்த்து வரைவது ஏன் என்று நாமும் கேட்கலாம்.

பெரியோர்களே, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உங்கள் றங்குப் பெட்டிகளில் பழைய சாதகக் குறிப்பு, ரசீது, கலியாணக் கடுதாசி கிடக்கக்கூடும். சித்திரை வருடப் பிறப்புக்கு வீடு துப்புரவாக்கும்போது அவற்றைப் பழைய கடுதாசிக்காரனுக்குக் காட்டமுன் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இளைஞர்களே, நீங்களும் தாளை மட்டும் படம்பிடித்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டு, யாருக்குக் கடன் என்று இருந்து கேளுங்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் பழைய கணக்கெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் வந்திருப்பார்கள். நாம் அந்த ஒற்றைத் தாளுடன் வருகிறோம். அதன் கடைசி வரியிலே ஒரு பெயர் இன்னமும் வாசிக்கப்படாமல் இருக்கிறது.