வதிவிட அனுமதி முடியும் நாள்

நுவரெலியா, அட்டன், கொட்டகலைப் பகுதிகளிலுள்ள தோட்ட லயங்களில் பழைய தகரப் பெட்டியொன்றைத் திறந்தால், திருநீற்றுப் பொட்டலத்துக்கும் கலியாணச் சேலைக்கும் அடியில் மடித்து வைத்த கடதாசிகள் சில இருக்கும். பிறப்புச் சாட்சிப் பத்திரம், மங்கிப்போன சத்தியக் கடதாசி, சில வீடுகளில் பாட்டனார் பெயருக்கு வழங்கப்பட்ட இந்தியக் கடவுச்சீட்டு. அந்தக் கடவுச்சீட்டை உடையவர் இலங்கையில் தங்குவதற்குப் பெற்ற அனுமதிக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. அத்திகதி கடந்தபின் அக்குடும்பத்தின் நிலை யாது, சட்டம் எந்தக் கதவுகளைத் திறந்தது, எவற்றை அடைத்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் பிரசையாக வேண்டுமாயின், அவருடைய தந்தையார் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். இல்லையேல் பாட்டனாரும் முப்பாட்டனாரும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். கங்காணியின் பின்னே தலைமன்னாரிலிருந்து காட்டுவழியாக நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதற்குச் சான்று தேடி எங்கே போவார்கள்? ஒரே சட்டத்தால் மிகப் பெருந்தொகையினர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராயினர்.

அடுத்த ஆண்டிலே இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன்னர் மணமானவர்கள் ஏழாண்டும், மணமாகாதவர்கள் பத்தாண்டும் இடைவிடாது இங்கு வதிந்தமையைக் காட்டினால் பிரசாவுரிமை கோரலாம். விண்ணப்பத்துக்கு இரண்டாண்டு தவணை. அது 1951 ஆகஸ்டில் முடிவுற்றது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் இச்சட்டத்தைப் புறக்கணித்துப் பின்னர் மனம் மாறியமையால், பிந்திய மாதங்களிலே விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக உரிமை கோரப்பட்டது; கிடைத்ததோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. ஊரிலே தாய் தகப்பனைப் பார்க்கச் சென்று பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால், வதிவு அறுந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. நோயுற்ற தாயைப் பேணிய மாதங்கள் மகனுக்குக் குற்றமாய் முடிந்த விந்தை இது. தோட்டத்துச் செக்ரோலும் பாடசாலைச் சேர்விடாப்பும் வெறும் கணக்குப் புத்தகங்களாயிருந்த நிலை மாறி, ஒரு குடும்பத்தின் இருப்புக்கே சாட்சிகளாயின. இடாப்பிலே பெயரைப் பிழையின்றி எழுதுவது எத்துணைப் பெரிய காரியம் என்பதை ஆசிரியர்கள் இதிலிருந்து உணரலாம்.

நீதிமன்றத்தின் கதவும் தட்டப்பட்டது. ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன்பிள்ளை என்பவர் வழக்காடினார். கேகாலையில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புக் கிடைத்தது. உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. 1953 இல் இலண்டன் கோமறைக் கழகமும் அம்மாற்றத்தையே உறுதி செய்தது. தன் மக்கள் யாவர் எனத் தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை என்றும், 1949 ஆம் ஆண்டுச் சட்டம் இச்சமூகத்தவர்க்கு ஒரு வழி வைத்திருக்கிறது என்றும் அக்கழகம் கருதியது. வழி இருந்தது உண்மை; அதன் அகலத்தை அக்கழகம் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நாடற்றோர் தொகை 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கொள்ளப்பட்டது. இதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. சந்தையிலே தேங்காய் பங்கிடுவது போன்ற இக்கணக்கில், எண்ணப்பட்டவர்களின் விருப்பம் கேட்கப்படவில்லை.

1968 முதல் 1970 வரை விண்ணப்பங்கள் கோரப்பட்டபோதுதான் அவ்விருப்பம் வெளிப்பட்டது. 7 இலட்சம் பேரளவில் இலங்கைப் பிரசாவுரிமையை நாடினர். இந்தியாவை நாடியவர் 4 இலட்சம் பேரளவினர். இருந்த இடமோ இலங்கைப் பக்கத்தில் 3 இலட்சமே.

இந்தியப் பிரசைகளாக ஏற்கப்பட்டோர் உடனே கப்பலேறவில்லை. இங்கேதான் தற்காலிக அனுமதியின் தன்மையை நேயர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். புறப்படும் முறை வரும்வரையோ, 55 வயது நிறையும்வரையோ, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரையில் அவர்கள் வேலையில் இருக்கலாம். கட்டணமின்றி விசா உண்டு. சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உடன்கொண்டு செல்லலாம். தொழிலாளிக்கு இவை நல்ல பாதுகாப்புகளே. ஆயினும், ஐம்பத்தைந்தாவது பிறந்த நாளை அஞ்சி எதிர்நோக்கிய மனிதர்கள் உலகில் வேறெங்கேனும் இருந்திருப்பார்களா என்பது ஐயமே. ஒரே லயத்தில் அண்ணன் இலங்கையனாகவும் தம்பி இந்தியனாகவும் பதிவான குடும்பங்கள் உண்டு. அட்டன் புகைவண்டி நிலையத்தில் தலைமன்னார் செல்லக் கோச்சியேறியவர்களின் அழுகையை மலையகத்து முதியோர் இன்றும் சொல்வர்.

உடன்படிக்கையின் காலம் 1981 ஒக்டோபரில் முடிந்தது. போர்ச் சூழலால் 1984 இல் தலைமன்னார்க் கப்பற்சேவையும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் பயணப்படாது இருந்தோர் பல்லாயிரவர். செல்லக் கப்பல் இல்லை; தங்கவோ காலம் கடந்த அனுமதி. 1986, 1988 ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் பலருக்கு விடிவு தந்தன. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு சத்தியக் கடதாசியே போதுமாயிற்று. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டாளரின் சிக்கல் அவிழவில்லை.

அதனை அவிழ்த்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வதியும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை உண்டு என அது விதித்தது. எந்நாட்டுச் சான்றும் இல்லாதவர் பொதுப் பிரகடனம் ஒன்றில் சமாதான நீதவானின் ஒப்பம் பெறலாம். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர், இலங்கைப் பிரசாவுரிமையைத் தாமே விரும்பி ஏற்பதாக விசேட பிரகடனம் செய்தல் வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் துணைநிற்க, ஐம்பது நடமாடும் நிலையங்களில் பத்தே நாளில் 1,90,734 பேர் இவ்வுரிமையைப் பெற்றனர். அரை நூற்றாண்டாக முடியாதிருந்த ஒன்று பத்து நாளில் முடிந்தது!

உலகின் பிற பகுதிகளிலும் இத்தகைய நிலை உண்டு. அமெரிக்காவில் 1990 ஆம் ஆண்டுச் சட்டப்படி, போரோ பேரிடரோ உற்ற நாட்டவருக்குத் தற்காலிகக் காப்பு வழங்கப்படுகிறது. அது முடிந்தால், வேறு உரிமை தேடிக்கொள்ளாதவர் தம் பழைய நிலைக்கே திரும்புகிறார். அங்கும் தவணை முடியுமுன் புகலிடமோ குடும்ப உறவின் வழியோ தேடுவதே சட்டத்தரணிகள் கூறும் யோசனை.

மலையகத்திலிருந்து போருக்கஞ்சித் தமிழ்நாடு சென்று முகாம்களில் தங்கியவர்களின் கதை இன்னும் முடிவுறவில்லை. தொடர்ந்து வதிய வேண்டுமென்ற விதி அவர்களை வெளியே நிறுத்தியமையால், 2009 இல் இலங்கைச் சட்டம் அவர்களுக்காகத் திருத்தப்பட்டது. இந்தியாவிலோ, முறையான பத்திரமின்றி வந்தவர் பதிவு மூலம் பிரசையாகத் தடை உண்டு. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான 65 மனுதாரரின் கோரிக்கையைப் பரிவுடன் பரிசீலிக்குமாறு அரசைப் பணித்தது. திரும்பி வர எண்ணுவோர் அவசியம் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. பெற்றோருள் ஒருவர் இலங்கைப் பிரசையாயின், முகாமிற் பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிவு செய்து பிரசாவுரிமைச் சான்றிதழ் பெறலாம். ஓராண்டு தவறியிருந்தாலும் விண்ணப்பிக்க இடமுண்டு. அதற்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றும், பெற்றோர் இலங்கைப் பிரசை என்பதற்குரிய பத்திரமும் தேவை. அப்பத்திரம் இன்னும் ஏதோவொரு தோட்டத்து உறவினரின் தகரப் பெட்டியிலே கிடக்கக்கூடும். கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.