ஊவாவுக்கு மேலே

இந்த வாரப் பயண உரைக்கு வேறோர் ஊரைத்தான் எடுத்து வைத்திருந்தேன். மால்டாவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவு அதை மாற்றிவிட்டது.

பேசியவன் எனக்கு மருமகன் முறை. அவனுடைய அப்பாயி பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று 5,25,000 பேரைக் கணக்கிட்டார்களே, அந்தக் கணக்கில் இவரும் விழுந்தார். பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் தேயிலைதான். கோச்சி என்றால் ரயில். மலையகத்துக்கு வெளியே கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பேரன் இப்போது மால்டாவில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான்.

"மாமா, போன லீவுல கிரீஸ்ல சன்டோரினித் தீவுக்குப் போனோம். ஹெலிகாப்டர்ல இருபதே நிமிஷம், தீவு முழுக்கப் பாத்தாச்சு. பதுளைக்கு அப்படி ஏதாவது இருக்கா? எதை எடுத்தா நல்லது? அப்பாயி பொறந்த லயத்தை மேல இருந்து வீடியோ எடுக்கணும்."

கேள்வி நியாயமானது. காசு அவனுடையது, ஆசையும் அவனுடையது. அதனால் வேண்டாம் என்று எடுத்த எடுப்பில் சொல்லாமல், இரண்டு நாள் நாலு பேரிடம் விசாரித்தேன். விசாரித்ததை இன்றைக்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

சன்டோரினி எரிமலை வெடித்துக் கடலில் அமிழ்ந்ததில் மிஞ்சிய விளிம்பு. பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அந்த விளிம்பில் வரிசையாக இருக்கிறது, கோடையில் வானம் மாதக்கணக்கில் வெளுத்தே கிடக்கும். இருபது நிமிடம் போதும்தான். நம்முடைய இலங்கைத் தீவோ வடக்கிலிருந்து தெற்கே 432 கிலோமீட்டர். அதில் பதுளை இருக்கிற ஊவா ஒரு கிண்ணம் மாதிரி, சுற்றிலும் மலை. அந்தக் கிண்ணத்துக்குள் முகில் எப்போது இறங்கும், எப்போது எழும்பும் என்று தோட்டத்துக் கிழவர்களுக்கே சில நாள் பிடிபடாது.

இங்கே சீட்டு எடுத்து ஏறுகிற ஹெலிகொப்டர் சுற்றுலா அரிது. பெரும்பாலும் முழு இயந்திரத்தையும் மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடிக்க வேண்டும். இரத்மலானையிலிருந்தோ கட்டுநாயக்கவிலிருந்தோ கிளம்பும். ஒருவர் போனாலும் மூவர் போனாலும் காசு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, எத்தனை இருக்கை, எத்தனை ஜன்னல் என்று. ரொபின்சன் ஆர் 44 மாதிரியான சின்ன இயந்திரத்தில் விமானியோடு நாலு பேர், எல்லோருக்கும் ஜன்னல் உண்டு. பெரிய இயந்திரத்தில் நடுவில் மாட்டிக்கொண்டவர் பக்கத்தில் இருக்கிறவரின் தோளைப் பார்த்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

நிறையைக் கேட்பார்கள், கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது, மெலிந்த காற்றில் விசிறி தூக்குகிற பாரம் குறைகிறது. ஹப்புத்தளை ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம். கொழும்பில் தூக்கியதை அங்கே தூக்கச் சிரமம். வெள்ளைச் சட்டை போடாதீர்கள்; கண்ணாடியில் சட்டைதான் தெரியும், மலை தெரியாது. மழை, முகில் என்றால் பணம் திரும்புமா, வேறு நாள் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி உள்ள நிறுவனமா என்றும் பாருங்கள்.

எந்த மாதம்? பெப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள், காலை பத்து மணிக்கு முன். வருடக் கடைசியில் வருகிற வடகீழ்ப் பருவமழை இங்கே நன்றாகவே கொட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வானம் வெளுத்திருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். அந்தக் காலத்தில் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் கையோடு மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும். கிழக்கே கச்சான் என்று சொல்கிற காற்றுத்தான். கொழும்பில் கச்சான் என்றால் வறுத்த கடலை, இதைக் கொறிக்க முடியாது. இந்த உலர்ந்த காற்றில் வாடுகிற கொழுந்தில்தான் உலகம் தேடுகிற ஊவா வாசம் ஏறுகிறது. தேயிலைக்கு நல்ல பருவம். ஆனால் மலைமுகட்டைத் தாண்டி விழுகிற காற்றில் சின்ன ஹெலிகொப்டர் ஊஞ்சல் ஆடும்.

சரி, எல்லாம் கூடிவந்து ஏறிவிட்டீர்கள். கொழும்பிலிருந்து பதுளை நேர்கோட்டில் 130 கிலோமீட்டர்தான், முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். இரத்தினபுரி, பலாங்கொடை வரைக்கும் காடும் றப்பரும் வயலும். அதற்குப் பிறகுதான் விஷயம். தரை திடீரென்று எழுந்து சுவராக நிற்கும். ஹப்புத்தளையின் தெற்கு விளிம்பு அது. கல்லுப்பஹனைக்கு மேலே பம்பரகந்த அருவி, 263 மீட்டர், இலங்கையிலேயே உயரமானது. கிழக்கே போனால் கொஸ்லந்தைக்கு அருகில் தியலும, 220 மீட்டர். தெருவில் நின்று பார்த்தால் தியலுமவின் முகம் மட்டும்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால், விழுவதற்கு முன்னால் பாறைக் குழிகளில் அது தேங்கித் தேங்கி வருகிற வழியும் தெரியும். இதற்கு ஹெலிகொப்டரே சரி, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் அதற்கே சேரும்: தெமோதரை வளையம். ரயில் பாதை மலையைச் சுற்றி வந்து, தான் நின்று புறப்பட்ட அதே நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. இறக்கம் அவ்வளவு. வழி தெரியாமல் பொறியியலாளர் திணறியபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதைதான், ஆனாலும் பெயர் தெரியாத அந்தக் கங்காணியை எனக்குப் பிடிக்கும். கோச்சியில் இருப்பவனுக்கு வளையம் புரியாது, சுற்றுவது மட்டும்தான் தெரியும். மேலிருப்பவன் ஒரே பார்வையில் தலைப்பாகையைக் கண்டுவிடுவான். பக்கத்தில் ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் முடிந்தது, இரும்பு சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டியது. அப்புறம் எல்ல இடைவெளி, ராவணன் குகை. புஷ்பக விமானத்தில் ராமன் சீதைக்கு வழியெல்லாம் காட்டிக்கொண்டே போனதைக் கம்பன் சொல்கிறான். வானத்திலிருந்து ஊர் காட்டுகிற தொழில் நமக்குப் புதிதல்ல.

எல்ல தாண்டினால் 2,036 மீட்டரில் நமுனுகுலை, அதன் சரிவெல்லாம் தோட்டம். மருமகனுக்கு வேண்டிய லயம் இந்தப் பக்கத்தில்தான். மேலிருந்து தோட்டம் எப்படித் தெரியும்? உச்சியில் துரை பங்களா, பச்சைப் புல்வெளி, ஒற்றை வீடு. கொஞ்சம் கீழே உத்தியோகத்தர் வீடுகள். ஆற்றோரமாக ஸ்டோர், அதாவது தொழிற்சாலை. பள்ளத்தில், வடிகால் கான் ஓரத்தில், நீளநீளமாகத் தகரக் கூரைகள். அவைதான் லயங்கள், தொழிலாளர் குடியிருப்புகள். யார் எங்கே இருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் போட்ட கணக்கை அப்படியே படமாகப் பார்க்கலாம். தரையில் இருப்பவனுக்கு இது தெரியாததல்ல, முழங்கால் வலிக்கத் தெரியும்.

தகரத்தின் மேல் கறுப்பு வட்டங்கள் சில தெரியும், பழைய டயர்கள். கல், மணல் மூட்டை, உடைந்த அம்மியும் கிடக்கும். கச்சான் அடிக்கும்போது தகரம் பறக்காமல் இருக்க வைத்த பாரம். ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பரா, அதாவது அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் ஒரு குடும்பம். ஆனால் அப்பாயியின் காம்பரா எது? முன்னூறு மீட்டர் உயரத்தில் எல்லாத் தகரமும் ஒன்றுதான். தாழப் பறக்கச் சொல்லலாமே என்பான் மருமகன். அங்கேதான் எனக்குச் சம்மதமில்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது தேர்தல் நேரத்தில் ஒரு பெரிய மனிதர் எங்கள் தோட்டத்து மைதானத்தில் ஹெலிகொப்டரில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடம் கலைந்து ஓடினோம். அது தாழ வந்தபோது தேயிலைச் செடியெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, இலையின் அடிப்பக்கம் புரண்டு, மலையே வெளிறிப்போனது. கொடியில் காய்ந்த சீலைகள் போய் முருங்கை மரத்தில் தொங்கின. கடைசி லயத்தில் இரண்டு தகரம் டயரோடு பெயர்ந்து கானுக்குள் விழுந்தது. அவர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு மழை. அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டில்தான் படுத்தார்கள். தகரம் போட்டுத் தருவதாகச் சொன்னவர்கள் தேர்தலுக்குப் பிறகு வரவில்லை.

குளவியையும் நினைக்க வேண்டும். கொழுந்து பறிக்கிற மலையில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது நமக்குப் பழகிப்போன செய்தி, சிலர் உயிரோடு திரும்பியதும் இல்லை. பாறையிலோ மரத்திலோ இருக்கிற கூடு ஒரு சத்தத்தில் கலைந்தால் அகப்படுவது செடிக்கு நடுவே கூடையோடு நிற்கிறவள்தான்.

தோட்டத்து ஆட்கள் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் அண்ணாந்து கைகாட்டிய காலம் போய்விட்டது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை ஆட்களோடு மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்தில் எத்தனையோ ஊரை மண்சரிவால் துண்டித்தபோது, விமானப் படை ஹெலிகொப்டர்கள்தான் ஆளையும் அரிசியையும் சுமந்தன. இப்போது அந்தச் சத்தம் கேட்டால் ஒருவருக்கொருவர் கேட்பது, எங்கே சரிந்தது என்று.

மருமகனே, மேலிருந்து பார்க்க ஊவாவில் வேறு வழி உண்டு. கோச்சியே பாதி விமானம்தான். கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறக்குறைய 290 கிலோமீட்டர், பாதை பதுளையைத் தொட்டது 1924இல். உடரட்ட மெனிக்கே, பொடி மெனிக்கே, இரண்டும் பகலில் வரும், ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். 1,898 மீட்டரில் பட்டிப்பொல, பாதையில் அதுதான் உயரமான நிலையம். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். அந்தப் பக்கம் மழையில் நனைந்த கோச்சி இந்தப் பக்கம் வெயிலில் வெளியே வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது ஊவாவின் வாசற்படி. அப்புறம் இதல்கஷின்ன, மேடையில் நின்றால் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் தண்டவாளமும் நீயும். வடை விற்கிறவர் ஏறினால் இறால் வடை வாங்கு. புயலுக்குப் பிறகு பாதை எதுவரை ஓடுகிறது என்பதை மட்டும் கொழும்புக் கோட்டை நிலையத்தில் கேட்டுக்கொள்.

ஹப்புத்தளையில் இறங்கினால் தம்பேதன்ன தொழிற்சாலை வரை பஸ் உண்டு. தோமஸ் லிப்டன் 1890இல் கட்டியது. அங்கிருந்து லிப்டன் இருக்கைக்கு ஏழு கிலோமீட்டர். விடியற்காலையில் நட, ஒன்பது மணிக்கு முகில் ஏறிவிடும். வழி லயங்களுக்கு நடுவே போகிறது. கோயில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா, காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பிரட்டுக்களம் எல்லாம் தாண்டித்தான் உச்சி. மேலே லிப்டன் கோப்பையோடு சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துக் கடையில் ரொட்டியும் சாயத்தண்ணியும் கிடைக்கும். வானம் வெளுத்தால் கண் தெற்குக் கடல் வரை போகும். ஏறத்தாழ 1,970 மீட்டர் அது. நீ கேட்ட ஹெலிகொப்டர் பறக்கிற உயரத்துக்கு அதிகம் குறையாது. ஒரு வித்தியாசம், இங்கே பக்கத்தில் நிற்கிறவரிடம் அது எந்தத் தோட்டம் என்று கேட்கலாம், பதில் வரும்.

கடைசியில் அவனுக்கு நான் சொன்னது இதுதான். காசு மிச்சமிருந்தால் மார்ச்சில் ஒரு காலை ஹெலிகொப்டர் எடு. ஹப்புத்தளை விளிம்பையும் தியலுமவையும் தெமோதரை வளையத்தையும் பார், லயத்துக்கு மேலே மட்டும் தாழப் பறக்கச் சொல்லாதே. அப்பாயி பிறந்த காம்பராவுக்குப் பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ் ஏறி வா. சந்தியில் நான் நிற்பேன். எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்று சொல்ல அப்பாயியோடு பிரட்டுக்கு நின்ற ஒரு கிழவி இன்னும் இருக்கிறார்.

தோட்டம் பார்க்கப் புறப்படுகிற நேயர்களுக்கும் ஒரு சொல்: நாலரை மணிக்குப் பிறகு வாருங்கள். கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.