கட்டும்போது ஒன்று, ஓட்டும்போது ஒன்று



பேச அழைத்தவுடன் பெரிதாக என்ன சொல்வது என்று யோசித்தேன். கடைசியில், நான் பட்ட ஒரு அவமானத்தையே சொல்லிவிடலாம் என்று வந்துவிட்டேன். லேபில் உங்களுக்கு உதவும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்குச் சம்பளக் கணக்குப் புரோகிராமை சி மொழியில் எழுதினேன். பஞ்சப்படி சதவீதத்தை மேக்ஃபைலில், கம்பைலருக்குரிய ‘-டி’ ஆப்ஷனில் வைத்திருந்தேன். சதவீதம் மாறியது. ‘மேக்’ கட்டளையோடு புது எண்ணையும் சேர்த்துத் தட்டினேன். எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை என்ற பொருளில் ஒரு வரி வந்தது. அப்பாடா என்று புரோகிராமை ஓட்டி, சம்பளச் சீட்டுகளை அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பெரியவர் ஒருவர் சீட்டோடு வந்தார். “தம்பி, பஞ்சப்படி ஏறிடுச்சுன்னாங்களே, எனக்கு மட்டும் ஏறலையா?” என்றார். யாருக்குமே ஏறவில்லை!

மேக் பொய் சொல்லவில்லை. அது பார்ப்பது ஃபைல்களின் நேரத்தை. மூல ஃபைல், ஆப்ஜெக்ட் ஃபைலைவிடப் புதிதாக இருந்தால் மறுபடி கம்பைல் செய்யும், இல்லையென்றால் விட்டுவிடும். நான் மாற்றியது எண்ணை மட்டும்தான். ஃபைலைத் தொடவே இல்லையே! திருத்திய ஃபைலைக் கம்பைல் செய்ய மறந்துவிட்டு, பழைய புரோகிராமில் பிழை தேடி அலையும் தொல்லையைத் தீர்க்கத்தான் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் மேக்கை எழுதினார். அதையே கையில் வைத்துக்கொண்டு நான் பழைய புரோகிராமை ஓட்டியிருக்கிறேன்.

யோசித்துப் பார்த்தால், சதவீதம் என்பது கட்டும்போது முடிவாக வேண்டிய விஷயமே இல்லை. பாவாடை தைப்பவர் உயரத்தைத் தைத்து முடிப்பார். இடுப்பளவை நாடாவுக்கு விட்டுவிடுவார். எந்தெந்த ஃபைல், எந்தக் கம்பைலர், எந்த லைப்ரரி என்பதெல்லாம் மேக்ஃபைலுக்கு. மாதா மாதம் மாறுவது கமாண்ட் லைனுக்கு.

அப்படியே மாற்றி எழுதினேன். புரோகிராம் பெயருக்குப் பின்னால் தட்டும் எண், ‘ஆர்க்வி’ வழியாக மெயினுக்கு வந்து சேரும். அது எழுத்துச் சரமாகத்தான் வரும். எண்ணாக மாற்ற வேண்டும். பெயரையும் சேர்த்து எண்ணுவதால், ஒரு எண் கொடுத்தால் ‘ஆர்க்சி’ 2. கொடுக்க மறந்தால் புரோகிராம் நின்று கேட்க வேண்டும். 12-க்குப் பதில் 112 என்று தட்டினாலும் மறுக்க வேண்டும். இல்லாவிட்டால், என் தப்பை இன்னொருவர் தலையில் கட்டியது போலாகும்.

தம்பிகளே, ஒன்று கவனியுங்கள். ‘மேக் 12’ என்று தட்டினால் எண் புரோகிராமுக்குப் போகாது. 12 என்று ஒரு ஃபைலைக் கட்டச் சொல்கிறீர்கள் என்று நினைத்து, அதற்கு விதி இல்லையே என்று நின்றுவிடும். முதலில் கட்டுங்கள்; பிறகு எண்ணைச் சொல்லி ஓட்டுங்கள்.

அந்தப் பெரியவருக்கும் மற்றவர்களுக்கும் அடுத்த மாதம் பாக்கியைச் சேர்த்துக் கொடுத்தோம். புரோகிராம் ஓடியது என்பது வேறு, சரியான புரோகிராம் ஓடியது என்பது வேறு. இதை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான்.