அன்றாட அப்பமும் அயலார் அறிவும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நாள்தோறும் நம்மை எழுப்பி நடத்துகின்ற ஊக்கத்தை எங்கிருந்து பெறுவது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருளாகும். இது வழிபாட்டு நேரத்திற்கு மட்டும் உரியது என்று எவரும் கருதிவிட வேண்டா. சங்கரன்கோவில், கோவில்பட்டி, சிவகாசி ஆகிய ஊர்களுக்கு இடையே, வானம் பார்த்த கரிசல் நிலத்தில் அமைந்தது நம் திருவேங்கடம் வட்டாரம். மழை பொய்த்தால் காட்டு வேலை இல்லை. தீப்பெட்டி வேலைதான் கைகொடுக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்னும் கேள்வி ஆண்டுதோறும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அதற்குத் துணிவுடன் விடை கூற, விழா நாளில் பிறக்கும் எழுச்சி மட்டும் போதாது. மறுநாள் காலையிலும், அதற்கடுத்த நாள் காலையிலும் அவ்வெழுச்சி வேண்டும்.

இயேசு பெருமான் தம் சீடர்க்குக் கற்பித்த செபத்தில், அன்றன்றைக்கு வேண்டிய அப்பத்தையே கேட்கச் சொன்னார். ஆண்டு முழுமைக்கும் களஞ்சியத்தை நிரப்பித் தரும்படி கேட்கச் சொல்லவில்லை. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மீண்ட மக்கள் பாலைவெளியில் உண்ட மன்னாவும் அத்தகையதே. அளவுக்கு மிஞ்சி மறுநாளுக்கென எடுத்து வைத்தது புழுத்துப் போயிற்று என்று யாத்திராகமம் கூறுகின்றது. அன்றாடக் கூலியில் அரிசி வாங்கி உலை வைத்த நம் தாய்மார்களுக்கு இவ்வுண்மையை விளக்கிக் கூறத் தேவையில்லை. ஊக்கமும் உணவைப் போன்றதே. நேற்றைய ஊக்கம் இன்றைய பசியைத் தீர்க்காது.

அவ்வுணவு ஒரு வீட்டு அடுப்பில் மட்டுமே வேகின்றதா என்றால், இல்லை என்பதே விடையாகும். குற்றுயிராய் வழியில் கிடந்தவனைப் பற்றிய உவமையில், ஆசாரியனும் லேவியனும் விலகிச் சென்றனர். காயம் கட்டியவனோ, யூதர்கள் உறவு கொள்ளாது ஒதுக்கிய சமாரியன். வேதம் வல்ல ஒருவருக்கு அச்சமாரியனையே இயேசு பெருமான் ஆசிரியனாக நிறுத்திக் காட்டினார். ஆகவே, அயலாரிடம் நன்மை கற்பது விசுவாசக் குறைவு ஆகாது; அது விசுவாசத்தின் ஒரு பாடமே ஆகும்.

நம் மண்ணின் வரலாறும் இதனைக் காட்டுகின்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் சிறந்து தேறிய ராக்லாந்து என்னும் குருவானவர், 1854-ஆம் ஆண்டு முதல் வட திருநெல்வேலி ஊர்களில் கூடாரமடித்துத் தங்கிப் பணியாற்றி, 1858-ஆம் ஆண்டில் சிவகாசியில் மறைந்தார். தென்பகுதிச் சபைகளின் தமிழ் உபதேசியார்களும் முறைவைத்து வந்து அவருடன் நடந்தனர். அதே 1858-ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் தோய்ந்த அவர், கற்ற தமிழைக் களைந்து எறியவில்லை. இங்கிலாந்தின் பனியன் எழுதிய கதையை, கம்பனிடம் பயின்ற நடையில் 1894-ஆம் ஆண்டு இரட்சணிய யாத்திரிகமாக நமக்குத் தந்தார். ஜி. யு. போப் ஐயரோ 1886-ஆம் ஆண்டில் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

கடல் கடந்தும் இக்கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது. காந்தியடிகள் இயேசுவின் மலைப்பொழிவில் உள்ளம் தோய்ந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போதகராகிய மார்ட்டின் லூதர் கிங், காந்தியடிகளின் அறவழியைக் கற்று, 1959-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் நம்மைப் போன்ற மக்களின் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதார் என்று அவரைத் தலைமையாசிரியர் அறிமுகம் செய்தாராம். முதலில் மனம் துணுக்குற்றதாகவும், பின்னர் எண்ணிப் பார்த்து அது உண்மையே என உணர்ந்ததாகவும் கிங் 1965-ஆம் ஆண்டில் ஆற்றிய அருளுரையில் கூறினார். உலகறிந்த ஒரு போதகருக்கு, ஓர் எளிய பள்ளி அன்று பாடம் புகட்டியது.

அண்ணல் அம்பேத்கர் புத்தர், கபீர், ஜோதிராவ் புலே ஆகிய மூவரையும் தம் ஆசான்கள் என்று போற்றினார். அவருள் புலே, புனேயில் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் படித்தவர், கிறித்தவராகவில்லை. ஆயினும், அங்குப் பெற்ற ஒளியைக் கொண்டு 1848-ஆம் ஆண்டில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்; அவர் துணைவியார் சாவித்திரிபாய் அங்கே ஆசிரியையாய்ப் பணிபுரிந்தார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் கூற வேண்டும். செபம் இருந்த இடத்திலும் சாதி இருந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-ஆம் ஆண்டு எழுந்த ஆலயத்தில், வழிபட வந்தோரைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவர் இருந்தது. 1910-ஆம் ஆண்டில்தான் அது இடிக்கப்பட்டது. கல்லால் ஆன சுவர் போயினும், கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் அதன் நிழல் இன்னும் நீங்கியபாடில்லை. சட்டமும் நம்மைப் பிரிக்கின்றது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையில் சீக்கியர் 1956-ஆம் ஆண்டிலும் பௌத்தர் 1990-ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்க்கு இன்றளவும் இடமில்லை. ஒரே தெருவில், ஒரே இழிவைச் சுமந்த இரு வீட்டுப் பிள்ளைகள் இருவேறு சான்றிதழ்களுடன் கல்லூரி வாசலில் நிற்கின்றனர். இந்நிலையில், உன் வேதம், என் வேதம் என்று நாமும் பிரிந்து நின்றால், எஞ்சிய வலிமையும் போய்விடும்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றி, 2005-ஆம் ஆண்டில் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, மக்களால் பரட்டை என அழைக்கப்பட்டவர், ஒரே உலையில் சமைத்து ஒன்றாய் உண்பதையே இறையாட்சியின் அடையாளமாகக் கண்டார். அவ்வுலையை நம் மாலை நேரப் படிப்பகங்களில் ஏற்றலாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நாள்தோறும் பத்து நிமிடம் போதும். ஒரு மாணவர் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். இன்று நற்செய்தி என்றால், நாளை திருக்குறள், மறுநாள் அம்பேத்கர், அதற்கடுத்த நாள் புத்தர் அல்லது அயோத்திதாசர். எழுதப் படிக்க அறியாத பெரியவர் ஒருவர், அது தம் வாழ்வோடு எவ்வாறு பொருந்துகின்றது எனக் கூறட்டும். அவரும் நமக்கு நூலே. பின்னர், இன்று பள்ளிக்கு வராத பிள்ளை யார் என்று கேட்போம். இருவர் எழுந்து அப்பிள்ளையின் வீட்டுக்குச் செல்லட்டும். அவ்வாறு செல்ல நம்மை எழுப்பவில்லையென்றால், படித்த பக்கம் வேதமே ஆயினும் நமக்குப் பயன்படவில்லை என்று அறிவோம்.

இருபத்தைந்து ஆண்டுகள் நம் கழகம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. இனிவரும் ஆண்டுகளில், அவர்கள் ஒவ்வொரு காலையும் நிமிர்ந்து எழுவதற்கான உணவையும் அளிக்கட்டும். அதற்கு இறைவன் அருள்வாராக.