ஊடகங்கள் காட்டும் ஊனம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோயில் மண்டபத்தில் சினிமாவைப் பற்றிப் பேசலாமா என்று முதலில் தயங்கினேன். ஆனால் ஊனமுற்ற ஒருவரோடு பழகியறியாத வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. அவர்களைப் பற்றிய முதல் பாடம் நம் பிள்ளைகளுக்கு அதிலிருந்துதான் கிடைக்கிறது.

இராமகாதையிலிருந்தே தொடங்குகிறேன். நாடக மேடையிலும் திரையிலும் கூனி வந்தாலே பின்னால் சூழ்ச்சி வருகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். முதுகின் வளைவுதான் மனத்தின் கோணல் என்பதுபோல் நடிப்பார்கள். கம்பர் அப்படி விட்டுவிடவில்லை. சிறுவனாக இருந்த இராமன் வில்லால் விட்ட மண்ணுருண்டை தன் மேல் பட்டதை அவள் நெஞ்சில் வைத்திருந்தாள் என்கிறார். அடித்த பிள்ளைக்கு அது விளையாட்டு. பட்டவளுக்கு ஆறாத வடு. மேடைக்காரர்கள் அந்த வடுவை விட்டுவிட்டு, கூனலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்ப் படங்களில் ஊனமுற்றவருக்கு நெடுங்காலம் இரண்டே வழிகள்தாம் இருந்தன. கடைசிக் காட்சிக்குள் குணமாக வேண்டும். இல்லையேல் இறக்க வேண்டும். 1959-இல் வந்த ‘பாகப்பிரிவினை’யில் சிவாஜி கணேசன் அவர்களின் நடிப்பை யாரால் மறக்க முடியும்? ஆயினும் படம் முடிவதற்குள் கை சரியாகிவிடுகிறது. 1990-இன் ‘அஞ்சலி’யில் குழந்தை இறந்துவிடுகிறது. 2009-இன் ‘நான் கடவுள்’ பார்வையற்ற பெண்ணுக்கு மரணத்தையே விடுதலையாகக் கொடுக்கிறது. ஊனத்தோடு வேலைக்குப் போய், கடன் கட்டி, மருமகளோடு மனத்தாங்கல் பட்டு, முதுமையடையும் மனிதரைத் திரையில் தேடித்தான் பார்க்க வேண்டும். 1981-இல் வந்த ‘ராஜபார்வை’ ஒரு விதிவிலக்கு. பார்வையற்ற வயலின் கலைஞர் பார்வை திரும்பாமலேயே காதலித்தவளைக் கைப்பிடித்துச் செல்கிறார்.

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்று. என் அக்காளுக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால் விந்தியது. ‘16 வயதினிலே’ 1977-இல் வெளியான படம். அது எங்கள் தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டப்பட்ட மறுநாள் முதல் லயத்துப் பிள்ளைகள் அக்காளைச் ‘சப்பாணி’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படமே அப்படிக் கூப்பிடக் கூடாது என்று சொல்கிற படம்! அவன் பெயர் கோபாலகிருஷ்ணன். சப்பாணி என்று அழைப்பவனை அறைந்துவிடச் சொல்லிக் கொடுக்கிறாள் மயில். ஊருக்கு நினைவில் நின்றதோ இழிபெயர் மட்டுமே. அக்காளுக்கு அழகான பெயர் உண்டு. மேடையில் சொல்ல வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டார்.

பெண்ணாகவும் இருந்து ஊனமும் இருந்துவிட்டால் திரையில் அவளுடைய நிலை இன்னும் குறுகிவிடும். ஊனமுற்ற நாயகனை ஒரு பெண் மணந்தால் அது தியாகம். ஊனமுற்ற பெண்ணோ பெரும்பாலும் அண்ணனுக்குக் கவலை தரும் தங்கையாகவே வருவாள். சுதா சந்திரன் அவர்கள் 1981-இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தையடுத்து ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலுடன் மீண்டும் நாட்டியமாடி, 1985-இல் வந்த ‘மயூரி’ என்ற தெலுங்குப் படத்தில் தம் கதையில் தாமே நடித்தார். மற்றப் படங்களிலோ பெரும்பாலும் கேட்கவும் பார்க்கவும் இயன்ற நடிகர்களே இவ்வேடங்களைப் போடுகிறார்கள். 2007-இன் ‘மொழி’யை நான் மிகவும் விரும்புகிறேன், அதுவும் அப்படித்தான்.

2019-இல் திரைக்கு வந்த ‘பேரன்பு’ சிலருக்குச் சங்கடமாக இருந்தது. மூளை முடக்குவாதமுள்ள மகள் பருவமடைகிறாள். அவள் உடலுக்கும் ஆசை உண்டு என்று தந்தை அறிந்து திகைக்கிறார். யாரிடமும் கேட்க முடியாத அக்கேள்வியோடு நம் சபையிலும் பெற்றோர் இருக்கக்கூடும். இத்தகைய பிள்ளைகளை என்றென்றும் குழந்தைகளாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அதே படத்தில் அஞ்சலி அமீர் என்னும் திருநங்கை ஒரு முக்கிய வேடத்தில், கேலிக்குரியவராக அல்லாமல் ஒரு பெண்ணாகவே நடித்திருக்கிறார். திருநங்கையர் என்றாலே கைதட்டிச் சிரிப்பதற்கு என்றிருந்த திரையில் இது சிறிய காரியமன்று.

இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில், திரையில் மாற்றுத் திறனாளிகளைக் காட்டுவது குறித்து நெறிமுறைகள் வகுத்தது. இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, ஊனத்தைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு என்று அது பிரித்துக் காட்டியது.

நம் மலரும் ஓர் ஊடகந்தானே! சக்கர நாற்காலி வழங்கும் படங்களை ஆண்டுதோறும் அச்சிடுகிறோம். படத்தின் கீழே கொடுப்பவர் பெயர் பட்டத்தோடு இருக்கும். பெறுபவர் ‘ஊனமுற்ற மாது ஒருவர்’. அன்பு கூர்ந்து அடுத்த மலருக்கு இதைச் செய்யுங்கள்: படம் எடுக்குமுன் அவரிடம் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் படமின்றியே நாற்காலி கொடுங்கள். சம்மதித்தால் அவர் பெயரையும் தொழிலையும் கேட்டெழுதி, நன்கொடையாளர் பெயருக்கு இணையான எழுத்தில் அச்சிடுங்கள். மலர்க் குழுவில் ஓர் இடமும் ஒதுக்குங்கள். பிழை திருத்துவதில் என் அக்காள் கெட்டிக்காரர், கேட்டால் வருவார்.