ஓட்டம் கற்பிக்கும் பாடம்

(கல்விக் கழக வெள்ளி விழாவின்போது, அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)



கல்விக்காகத் தோன்றிய கழகத்தின் விழாவிலே ஓட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. நம் முன்னோர் ஓடாத ஓட்டமா? கோழி கூவுமுன் பண்ணைக் களத்துக்கு ஓடினார்கள். மடை உடைந்தது என்றால் நள்ளிரவில் மண்வெட்டியோடு ஓடினார்கள். நாற்று முடியைச் சுமந்து சேற்றிலே ஓடினார்கள். அத்தனை ஓட்டமும் பிறர் ஏவிய ஓட்டம். இன்று வெண்ணாற்றங்கரையிலும் கல்லணைக் கால்வாய்க் கரையிலும் நம் பிள்ளைகள் விடியற்காலையில் ஓடுகிறார்களே, இது தமக்காகத் தாமே ஓடும் ஓட்டம். ஏவுவார் யாருமில்லை. கையிலே கட்டிய கடிகாரம் ஒன்றே அவர்களுக்கு எசமானன். இந்த வேறுபாடு சிறிதன்று.

அவர்கள் ஓடுகிற சாலையும் எளிதில் கிடைத்ததன்று. பொதுத் தெருவும் பொதுக் கிணறும் எல்லா மக்களுக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையிலே கொண்டுவந்து நிறைவேறச் செய்தவர் இரட்டைமலை சீனிவாசனார். சட்டம் ஏட்டில் ஏறியது. தெருவுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. நம் கழகத்தின் ஓட்டம்கூடத் தொடக்கத்தில் நம் குடியிருப்பைச் சுற்றியே நடந்தது. ஓராண்டு ஊர்த் தெரு வழியாகச் செல்ல முனைந்தபோது சிலர் வழிமறித்தனர். நாம் கைகலப்புக்குப் போகவில்லை. எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்தோம், அனுமதி பெற்றோம், அடுத்த ஆண்டு அதே தெரு வழியே ஓடினோம். இன்று காலை அத்தெருவில் திண்ணையில் இருந்தவர்கள் ஓடிவந்தவர்க்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

பந்தயம் முடிந்தபின் ஓடியவர்களோடு அமர்ந்து பேசினோம். ஒவ்வொருவரும் மூன்று செய்திகளைச் சொன்னார்கள்: எதில் வென்றோம், எதில் சறுக்கினோம், அடுத்து எதை எட்ட விரும்புகிறோம். வெற்றியைச் சொல்லும்போது குரல் ஒன்றுபோல இருந்தது. சறுக்கலைச் சொல்லும்போதோ ஆளுக்கு ஒரு காரணம். அவற்றை எண்ணிப் பார்த்தால் தோல்வி இரு வகைப்படும் என்று தோன்றுகிறது. நம் கையால் திருத்திக்கொள்ளக்கூடிய தோல்வி ஒன்று. பிறர் நம்மீது சுமத்துகிற தோல்வி மற்றொன்று. முன்னதற்கு மருந்து பயிற்சி. பின்னதற்கு மருந்து கல்வியும் சட்டமும் கூட்டுறவும். ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நோய் தீராது. இதுவே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். 1,500 மீட்டர் ஓட்டம் என்பது 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. நான்கு நிமிடம் 40 நொடியில் முடிக்க விரும்புகிறவன், சுற்றுக்கு ஏறத்தாழ 75 நொடி என்று கணக்கிட்டு ஓட வேண்டும். நம் பிள்ளைகள் செய்வது என்ன? விசில் ஊதியதும் கட்டவிழ்த்த கன்றுபோலப் பாய்கிறார்கள். முதல் சுற்றை 62 நொடியில் முடித்துவிட்டு, மூன்றாம் சுற்றிலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். கால் வலிமை குறைந்ததன்று காரணம். கணக்குத் தவறியதே காரணம். வகுத்தல் கணக்கு ஓடுதளத்துக்கும் வேண்டும்.

பருவமும் ஒரு காரணம். நம் காவிரிப் பாசன நாட்டில் சம்பா பயிர் நிற்கும் மாதங்களில் வரப்பும் நீர், வயலும் நீர். கால் ஊன்ற இடமில்லை. மார்கழிப் பனியில் எதிரே வரும் லாரி தெரிவதில்லை. தை அறுவடை முடிந்து வயல் காய்ந்த பின்பே நமக்கு மைதானம் கிடைக்கிறது. ஆகவே மழை மாதங்களில் தூரத்தைக் குறைத்து, பள்ளி வளாகத்தில் உடற்பயிற்சியைக் கூட்டலாம். கோடையில் ஆற்று மணலில் ஓடிக் கால்களுக்கு உறுதி சேர்க்கலாம். வெயில் ஏறுமுன் பயிற்சியை முடித்து, நீராகாரமோ உப்பிட்ட மோரோ அருந்தலாம். முட்டையும் வேர்க்கடலையும் கேழ்வரகும் ஆற்று மீனும் தருகிற வலிமையை, விலை உயர்ந்த டப்பாவில்தான் தேட வேண்டும் என்பதில்லை.

டப்பாவைப் பற்றி மேலும் ஒரு சொல். திருச்சிராப்பள்ளி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019-ஆம் ஆண்டு தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்றபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். பின்னர் ஊக்கமருந்துச் சோதனையின் முடிவால் பதக்கம் பறிபோயிற்று. நான்கு ஆண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. தாம் தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். சோதனைச் சாலையின் விதியோ, தெரிந்து உண்டாயா, தெரியாமல் உண்டாயா என்று பார்த்து இரங்குவதில்லை. எனவே யார் கொடுத்தாலும், எந்தப் பொடியானாலும், உள்ளே இருப்பது என்ன என்று படித்தறியாமல் வாயில் இடக்கூடாது. விதி அறியாமையும் அத்தகையதே. புதுக்கோட்டையின் கோவிந்தன் இலட்சுமணன் 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் பெற்ற வீரர். மறு ஆண்டு ஜகார்த்தாவில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓட்டத்தின் நடுவே ஓர் அடி தடத்துக்கு வெளியே பட்டதால் வெண்கலத்தை இழந்தார். அத்துணைப் பெரிய வீரருக்கே ஓர் அடி அவ்வளவு விலை என்றால், நாம் விதிகளைக் கல்லாமல் களம் இறங்கலாமா?

இனி இரண்டாம் வகை. நம் மாவட்டத்துக்கு அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் உழைத்த தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராசன். 2005-இல் ஆசியத் தடகளப் போட்டியில் வெள்ளி பெற்றார். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி மீண்டும் வெள்ளி வென்றார். அதன்பின் பெண்ணா என்றறியும் சோதனையில் தேறவில்லை என்று கூறிப் பதக்கத்தைத் திரும்பப் பெற்றனர். ஒரு பெண் பிறவியிலே பெற்ற உடலைப் பற்றிய செய்தி, ஊர் ஊராகத் தண்டோரா போட்டதுபோல உலகெங்கும் பரப்பப்பட்டது. அவர் எந்த மருந்தும் உண்டாரில்லை. எந்த விதியையும் மறைத்தாரில்லை. இத்தோல்வியை எந்தப் பயிற்சியால் திருத்துவது? 2012-இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்தார் என்ற செய்தி வந்தபோது நம் நெஞ்சு பதறியது.

ஆயினும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. முன்னர்ப் பரிசாகக் கிடைத்த பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டே ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்பித்தவர், மீண்டும் எழுந்து, முறையாகப் படித்துப் பயிற்றுநர் பட்டயம் பெற்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்றுநரானார். படிப்பு அவருக்கு ஊன்றுகோலாயிற்று.

இதனோடு மற்றொரு நிகழ்ச்சியை வைத்துப் பாருங்கள். ஒடிசாவில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த தூத்தி சந்த் என்னும் ஓட்டக்காரி, உடலில் சுரக்கும் நீரின் அளவைக் காட்டி 2014-இல் தடுத்து நிறுத்தப்பட்டார். அவருக்குத் துணையாக அறிஞர்களும் வழக்கறிஞர்களும் நின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடினர். 2015 ஜூலையில் அவ்விதி நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளிகளும் பெற்றார். முன்னவர் தனியாக நின்றார். பின்னவருக்குத் துணை இருந்தது. கால்களின் வலிமையில் இருவருக்கும் குறைவில்லை. துணையாய் நின்று வாதாட நம்மிடையே வழக்கறிஞரும் மருத்துவரும் எழுத்தாளரும் எத்தனை பேர் என்பதே கேள்வி. அவர்களை உருவாக்குவதற்கே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக இரவுப் பாடசாலை விளக்கை அணையாமல் வைத்திருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். எட்டாம் வகுப்பு வரை மானைப்போல ஓடிய பெண், வயதுக்கு வந்ததும் களத்திலிருந்து காணாமற் போகிறாள். இது யார் சுமத்திய தோல்வி? அயலார் சுமத்தியதன்று, நம் வீட்டு வாசற்படியே சுமத்துவது. அமெரிக்க நாட்டில் வில்மா ருடால்ப் என்ற கறுப்பினப் பெண், குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் காலில் இரும்புக் கட்டோடு நடந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். ஊரார் வரவேற்பு அளிக்க முன்வந்தபோது, வெள்ளையரும் கறுப்பரும் பிரிந்து நிற்கும் விழாவானால் வரமாட்டேன் என்றார். அவர் பொருட்டே அவ்வூரில் இரு சாராரும் ஒன்றாகக் கூடினர். ஒரு பெண்ணின் ஓட்டம் ஊரையே மாற்றியது. நம் பெண்களை ஓட விடுங்கள்; ஓடுகிறவளைப் படிக்கவும் விடுங்கள்.

இளைஞர்களே, தனி ஒருவன் சறுக்கினால் எல்லாம் முடிந்தது என்று எண்ணற்க. நம் பக்கத்துத் திருவாரூர் மாவட்டத்தின் இராஜேஷ் இரமேஷ், 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் நகரில் நடந்த உலகப் போட்டியில், 4×400 மீட்டர் தொடரோட்டத்தை 2 நிமிடம் 59.05 நொடியில் முடித்து ஆசியச் சாதனை படைத்த நால்வருள் ஒருவர். அவ்வாண்டே ஆசிய விளையாட்டில் தங்கமும் பெற்றனர். அடுத்த ஆண்டு மே மாதம், பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் ஓட்டத்தில், அவருக்குத் தசை பிடித்துக்கொண்டது, பாதியில் நின்றுவிட்டார். அணி ஓட்டத்தை முடிக்கவில்லை. மறுநாள் அவர் இடத்தில் கோலை வாங்கி ஓடியவர் நம் திருச்சிச் சீமையின் மூத்த வீரர் ஆரோக்கிய ராஜீவ். அணி தகுதி பெற்றது. பாரிஸ் நகரில் இராஜேஷ் மீண்டும் ஓடினார். ஒருவர் நின்ற இடத்தில் மற்றொருவர் கோலை ஏந்தினார். நின்றவரை யாரும் கைவிடவில்லை. இந்தக் கழகமும் ஒரு தொடரோட்டமே அன்றோ?

சில கோல்கள் கை மாற நெடுங்காலம் ஆகும். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் ஓடி, நொடியில் நூற்றில் ஒரு பங்கால் வெண்கலத்தை இழந்தார். நாடே கண்ணீர் விட்டது. 39 ஆண்டுகள் கழித்து, கோயம்புத்தூரைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள் வித்யா இராமராஜ், 2023 ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் அதே 55.42 நொடியைத் தொட்டார். இறுதிச் சுற்றில் வெண்கலமும் பெற்றார். தோற்றவர் விட்டுச் சென்ற நேரமே பின்வந்தவருக்கு இலக்காயிற்று. ஆகவே உங்கள் நேரங்களை எழுதி வையுங்கள். வென்ற நாளையும் எழுதுங்கள்; வாந்தி எடுத்து வீழ்ந்த நாளையும் எழுதுங்கள். நாளை உங்கள் தங்கை அதைப் படிப்பாள்.

இனி இலக்கைப் பற்றி. எல்லோரும் ஒலிம்பிக் செல்வதில்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வை நம்மில் பலர் நாடுகிறார்கள். அதில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும்; அதாவது சுற்றுக்கு 112 நொடி. இங்குள்ள பெரும்பாலோர்க்கு அது அரிதன்று. ஆனால் எழுத்துத் தேர்வில் தேறியவரையே அந்த ஓட்டத்துக்கு அழைக்கிறார்கள். தாளிலே வீழ்ந்தவனுக்குத் தடமே கிடையாது. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதற்கும் சான்றிதழும் கல்வித் தகுதியும் வேண்டும். காலையில் ஓட்டம், மாலையில் ஏடு. இரண்டில் ஒன்றை விட்டவன் மற்றதையும் இழப்பான்.

ஆகவே கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஓடும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும், கழகத்துக்கு இரண்டு நிறுத்துக் கடிகாரங்களும் வேண்டும். காலணி வாங்க இயலாதார்க்கு ஒரு சிறு நிதி வேண்டும். பத்தாம் வகுப்பை முடிக்காதவரை எந்த ஓட்டக்காரனையும் வேலைக்கு அனுப்புவதில்லை என்ற உறுதியைப் பெற்றோர் இம்மேடையில் தர வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் வகுப்பறையில் தனியே கோணிப் பையில் உட்கார வைக்கப்பட்ட சிறுவர். அங்கிருந்து எழுந்தவர் எத்துணைத் தொலைவு சென்றார் என்பதை நாம் அறிவோம். நமக்குச் சாலை திறந்திருக்கிறது, கால்கள் இருக்கின்றன. கணக்கும் சட்டமும் துணையும் சேர்ந்தால் எட்டாத இலக்கில்லை. நாளைக் காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் கால்வாய்க் கரையில் பயிற்சி உண்டு. மாலை ஏழு மணிக்கு இரவுப் பாடசாலையும் உண்டு. இரண்டுக்கும் வருக.