சாட்சியமும் சம்பாத்தியமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் ஆகிய துறைகளைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதோ சற்றுப் புதுமையான தலைப்பு. "கைப்பேசி, கணினி, மென்பொருள் ஆகியவற்றைப் பற்றி இணையத்தில் எழுதுவதையே தொழிலாகக் கொள்ளலாமா?" என்று மாணவர் ஒருவர் கேட்டாராம். "இதுவும் ஒரு பிழைப்பா?" என்று அவருடைய தந்தை கேட்டாராம். இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. ஊகத்தால் விடை சொல்வதைவிட, நம்மைக் காட்டிலும் கடினமான சூழலில் இதனைச் செய்து காட்டியவர்களின் அனுபவத்தைப் பார்ப்பது நலம். அதற்காகவே ஆப்பிரிக்கக் கண்டத்தைத் தேர்ந்துகொண்டேன்.

அவர்கள் தொடங்கிய காலத்தின் நிலைமையை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். 2009 ஆம் ஆண்டு ஜூலை மாதம் சீகாம் என்னும் கடலடிக் கம்பிவடம் வந்து சேரும்வரை, கென்யா வெளியுலகோடு கொண்ட இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. அதன் வேகமோ குறைவு, விலையோ அதிகம். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்திற்கு மெயின்ஒன் கம்பிவடம் 2010 இல்தான் வந்தது. மின்சாரம் எப்பொழுது போகும், எப்பொழுது வரும் என்று சொல்ல இயலாத ஊர்களில், ஜெனரேட்டருக்கு எரிபொருள் வாங்கி ஊற்றிவிட்டு எழுத உட்கார வேண்டும். எழுதியதைப் படிப்பவனும் தன் கைப்பேசியில் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் காசு கொடுத்தே படித்தான். இத்தகைய சூழலில் ஒரு தொழிலே உருவானது என்றால் அதன் அடித்தளம் எது? இதுவே இன்றைய உரையின் கேள்வி.

அருகில் இருப்பதைப் பார்த்தவர்கள்

மலாவி நாட்டின் காசுங்கு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறுவர், வில்லியம் காம்குவாம்பா. 2001–2002 பஞ்சத்தின் போது பள்ளிக் கட்டணம் செலுத்த வழியின்றிப் படிப்பை விட்டவர். ஊர் நூலகத்தில் கிடைத்த நூல்களின் படங்களைப் பார்த்து, பழைய மிதிவண்டிச் சட்டம், டிராக்டரின் விசிறி, பிளாஸ்டிக் குழாய், மரக்கட்டைகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு காற்றாலையை நிறுவித் தம் வீட்டில் விளக்கெரியச் செய்தார். அப்பொழுது அவருக்கு வயது 14.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2006 இல் உள்ளூர் நாளிதழ் ஒன்று அச்செய்தியை வெளியிட்டது. தலைநகர் லிலோங்வேயில் பணியாற்றிய சோயாபி மும்பா என்னும் மென்பொருள் பொறியாளரும், அவருடன் பணியாற்றிய மைக் மெக்கே என்பவரும் அதனைக் கண்டு வலைப்பதிவின் வழியே பரப்பினர். 'டிம்பக்டு க்ரானிக்கிள்ஸ்' என்ற வலைப்பதிவை நடத்தி வந்த நைஜீரியரான எமேகா ஒகாஃபோர், 2007 இல் தான்சானியாவின் அருஷா நகரில் நடந்த டெட் மாநாட்டிற்கு அந்த இளைஞரை அழைத்தார். பிற்பாடு அவர் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பயின்று 2014 இல் பட்டம் பெற்றார்.

காற்றாலையைக் கட்டியவர் காம்குவாம்பா. அதன் அருமையை அறிந்து, அறிய வேண்டியவர்களின் கண்ணில் படும்படி செய்தவர்கள் எழுத்தாளர்கள். தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதுவது என்றவுடன் அமெரிக்காவில் வெளிவந்த புதுப் பொருளைப் பற்றிப் பிறர் எழுதியதையே திருப்பி எழுதுவது என்று நினைக்கிறோம். அதனைச் செய்ய ஆயிரம் பேர் இருக்கின்றனர். இன்றோ செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் நொடிப்பொழுதில் அதனைச் செய்துவிடுகின்றன. தன் ஊரில், தன் கண்ணெதிரே இருப்பதைக் கண்டு எழுதுகின்றவனுக்கு மட்டுமே ஓர் இடம் எப்பொழுதும் காத்திருக்கின்றது.

சூடானிலும் கென்யாவிலும் வளர்ந்த எரிக் ஹெர்ஸ்மன் இதனை உணர்ந்தார். 'ஆஃப்ரிகேஜெட்' என்ற தளத்தில், பழைய இரும்பையும் உடைந்த பொருள்களையும் கொண்டு சாதாரண மக்கள் செய்த கருவிகளை அவரும் நண்பர்களும் பதிவு செய்தனர். கென்யாவில் 2007 மார்ச்சில் எம்-பெசா தொடங்கப்பட்டு, சாதாரணக் கைப்பேசியின் வழியே ஊருக்குப் பணம் அனுப்பும் வசதி வந்தபோது, அது எப்படி இயங்குகின்றது, கிராமத்து முகவர் எப்படிப் பணம் எடுத்துக் கொடுக்கின்றார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதும் வாய்ப்பு நைரோபியில் இருந்தவர்களுக்கே கிடைத்தது.

கைப்பேசியும் அப்படித்தான். டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் ஆகிய பெயர்களில் சீனாவின் டிரான்ஷன் நிறுவனம் ஆப்பிரிக்காவில் பெருமளவு விற்ற கைப்பேசிகளை மேலைநாட்டு விமர்சகர்கள் பொருட்படுத்தவில்லை. அவர்களின் கடைகளில் அவை விற்கப்படவும் இல்லை. இரண்டு சிம் பொருந்துமா? மின்சாரம் இல்லாத நாளில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? கருநிற முகத்தைக் கேமரா தெளிவாகக் காட்டுமா? இக்கேள்விகளுக்கு விடை சொல்ல லாகோஸிலும் நைரோபியிலும் இருந்தவர்களே தகுதி உடையவர்கள்.

சாட்சி சொன்னவர்கள்

இரண்டாவது செய்தி மனத்தைத் தொடுவது. 2007 டிசம்பர் 27 இல் நடந்த தேர்தலைத் தொடர்ந்து கென்யாவில் கலவரம் மூண்டது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். நேரடி ஒளிபரப்புக்கு அரசு தடை விதித்தது. எங்கே என்ன நடக்கின்றது என்று தெரியாமல் மக்கள் தவித்தனர்.

ஓரி ஒகோலோ என்ற பெண் வழக்கறிஞர் நாட்டு நடப்புகளைத் தம் வலைப்பதிவில் எழுதி வந்தவர். 2008 ஜனவரித் தொடக்கத்தில், வன்முறை நிகழும் இடங்களை வரைபடத்தில் குறிக்க யாரேனும் உதவ முடியுமா என்று அதில் கேட்டார். ஹெர்ஸ்மன், 'ஆஃப்ரோமியூசிங்' என்ற பெயரில் எழுதி வந்த ஜூலியானா ரோட்டிச், மென்பொருள் வல்லுநர் டேவிட் கோபியா முதலானோர் கைகொடுக்க, சில நாட்களிலேயே ஒரு தளம் உருவானது. மக்கள் குறுஞ்செய்தி மூலமாகவும் தகவல் அனுப்பலாம். 2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டில் பூகம்பம் ஏற்பட்டபோது, மீட்புப் பணிக்கு அதே மென்பொருள் உதவியது.

அத்தளத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'உஷாஹிதி'. சுவாஹிலி மொழியில் அதற்குச் சாட்சியம் என்று பொருள். 'ஷஹாதத்' என்ற அரபுச் சொல்லோடு அதற்குள்ள உறவை இங்குள்ளோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இத்தொழிலின் சாரம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகின்றேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்பவனே சாட்சி. அவன் ஒருமுறை பிறழ்ந்தாலும் மறுமுறை அவன் சொல் எடுபடாது.

வருமானம் எங்கிருந்து வந்தது?

தந்தையார் கேட்ட கேள்விக்கு வருவோம். எழுதினால் பணம் வருமா?

உண்மையைச் சொல்வதானால், எழுத்திலிருந்து நேரடியாக வந்தது மிகக் குறைவு. விளம்பரத்தை ஒருவர் சொடுக்கினால் கிடைக்கும் தொகை, வாசகர் எந்த நாட்டில் இருக்கின்றார் என்பதைப் பொறுத்தது. ஆப்பிரிக்க வாசகருக்கு விளம்பரதாரர்கள் கொடுத்த விலை குறைவாகவே இருந்தது. கிடைத்ததைக் கையில் வாங்குவதும் எளிதன்று. பேபால் நிறுவனம் 2014 இல் நைஜீரியாவில் சேவை தொடங்கியபோது, அங்குள்ளவர்கள் பணம் அனுப்ப மட்டுமே முடிந்தது, பெற முடியவில்லை. கென்யாவில் பேபால் பணத்தை நேரடியாக எம்-பெசாவுக்கு மாற்றும் வசதி 2018 இல்தான் வந்தது.

பின் எப்படி வாழ்ந்தனர்? எழுத்து அவர்களுக்கு நம்பிக்கையை ஈட்டித் தந்தது. அந்த நம்பிக்கை வேலையை ஈட்டித் தந்தது. ஓரி ஒகோலோ 2011 இல் கூகுள் நிறுவனத்தின் ஆப்பிரிக்கக் கொள்கைப் பொறுப்பை ஏற்றார். ஹெர்ஸ்மன் 2010 இல் இளம் தொழில்முனைவோர் கூடிப் பணியாற்ற நைரோபியில் 'ஐஹப்' என்ற இடத்தை நிறுவினார். மின்வெட்டிலும் இணையம் தரும் 'பிரிக்' என்ற கருவியைத் தோழர்களுடன் சேர்ந்து 2013 இல் அறிமுகம் செய்தார். மின்வெட்டின் தொல்லையை எழுதி எழுதி அறிந்தவர் அல்லவா?

வேறு சிலர் எழுத்தையே நிறுவனமாக வளர்த்தனர். தென்னாப்பிரிக்காவில் டங்கன் மெக்லியாட் என்ற செய்தியாளர் 2009 இல் 'டெக்சென்ட்ரல்' தளத்தைத் தொடங்கினார். லாகோஸில் பன்கோலே ஒலுவாஃபெமியும் செயி டெய்லரும் 2013 இல் தொடங்கிய 'டெக்கேபல்' வளர்ந்து, அதன் தாய் நிறுவனம் 2022 இல் 23 இலட்சம் டாலர் முதலீடு பெற்றது. டாம் ஜாக்சன், கேப்ரியெல்லா மல்லிகன் ஆகியோரின் 'டிஸ்ரப்ட் ஆப்பிரிக்கா', புதிய நிறுவனங்களுக்கு வந்த முதலீடுகளை ஆண்டுதோறும் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து அறிக்கை வெளியிட்டது. ஆய்வறிக்கை, கருத்தரங்கு, பயிற்சி வகுப்பு, ஆலோசனை என்று வருவாயின் வாய்க்கால்கள் பல. ஊற்று ஒன்றுதான்: "இவர் எழுதினால் சரியாக இருக்கும்" என்ற நம்பிக்கை.

இரண்டு ஆபத்துகள்

ஆகவே அந்த ஊற்றைக் கெடுப்பது எதுவோ அதுவே பெரிய ஆபத்து. ஒரு நிறுவனம் புதிய கைப்பேசியை அன்பளிப்பாகக் கொடுக்கின்றது. விழாவிற்கு அழைத்து நல்ல விடுதியில் தங்க வைக்கின்றது. ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று தொகையும் பேசுகின்றது. மாத வருமானம் நிச்சயமில்லாத இளைஞனுக்கு அது பெரிய தொகை. அவன் பாராட்டி எழுதுகின்றான். அவனை நம்பி, மூன்று மாதச் சேமிப்பைக் கொடுத்து ஒரு கூலித் தொழிலாளி அந்தக் கைப்பேசியை வாங்குகின்றார். அது ஆறு மாதத்தில் பழுதாகின்றது. அந்த இழப்பில் எழுதியவனுக்குப் பங்கில்லையா? பொய்ச்சாட்சி நீதிமன்றக் கூண்டில் மட்டுமா சொல்லப்படுகின்றது?

அன்பளிப்பே கூடாது என்று நான் கூறவில்லை. ஆய்வுக்காகப் பெற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். பணம் பெற்று எழுதியிருந்தால் கட்டுரையின் தலைப்பிலேயே அதனைச் சொல்லிவிடலாம். மறைப்பதுதான் மோசடி.

இரண்டாவது ஆபத்து, அதிகாரத்தின் பக்கமிருந்து வருவது. தான்சானியாவில் 2018 இல் வந்த விதிகளின்படி வலைப்பதிவு எழுதுவதற்கே உரிமம் பெற வேண்டியதாயிற்று. அதற்கான கட்டணங்கள் சேர்ந்து சுமார் 900 அமெரிக்க டாலர். பலர் எழுதுவதையே நிறுத்திக்கொண்டனர். அதே 2018 இல் கென்யாவில் கணினிக் குற்றச் சட்டம் வந்தபோது, 2011 இல் தோன்றிய வலைப்பதிவர் சங்கம் நீதிமன்றம் சென்று, அதன் 26 பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை பெற்றது. 2020 இல் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆயினும் தனித்தனியே அமைதியாக இருந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டு அவகாசமும் கிடைத்திருக்காது. கூட்டமைப்பின் பயனைப் பற்றி ஒரு ஜமாஅத்தில் நின்றுகொண்டு அதிகம் பேசத் தேவையில்லை.

மாணவருக்கும் தந்தைக்கும்

அன்பு மாணவரே! இத்துறையில் இறங்க விரும்பினால், முதலில் பிழைப்புக்கு வேறொரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மும்பா மென்பொருள் பொறியாளராக இருந்துகொண்டே எழுதினார். பசி வாட்டும்போது சாட்சியம் விலைபோகும். அடுத்து, எல்லாவற்றையும் எழுதாமல் ஒரு பகுதியை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். பணப் பரிமாற்றமோ, வேளாண்மைக் கருவியோ, பழுது நீக்கும் கலையோ எதுவாயினும் சரி. தவறாக எழுதிவிட்டால் ஓசையின்றி அழிக்காதீர்கள். தவறு என்று வெளிப்படையாக எழுதித் திருத்துங்கள். வாசகனின் காசையும் நேரத்தையும் அமானிதமாக எண்ணுங்கள்.

மதிப்பிற்குரிய தந்தையே! "இதுவும் ஒரு பிழைப்பா?" என்று கேட்டீர்கள். மூன்று நான்கு ஆண்டுகள் வரை பெரும்பாலும் இது பிழைப்பாகாது என்பதே நேர்மையான பதில். அதன் பின்னும் பலருக்கு ஆகாமல் போகலாம். ஆயினும் பார்த்ததை ஆராய்ந்து, பிறருக்குப் புரியும்படி, பொய் கலக்காமல் எழுதப் பழகிய பிள்ளை எந்த வேலைக்குச் சென்றாலும் வீணாகமாட்டான். அந்தப் பயிற்சியை மட்டும் தடுத்துவிடாதீர்கள்.

நம் பிள்ளைகளின் நாவையும் எழுதுகோலையும் வாய்மையில் நிலைநிறுத்தி, அவர்களுக்கு நல்ல வாழ்வாதாரத்தை வல்ல இறைவன் அருள்வானாக! வஸ்ஸலாம்.